ஏழு வருஷத் தீர்ப்பு

சாதாரண வருஷம், கார்த்திகை 9

மழை விட்டது. கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வழக்குகளை விசாரிக்கிற பிஸ்கால் துரைக்குக் காய்ச்சல், அதனால் நியாயசபை கூடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்த தோணியில் மேல்சபைத் தீர்ப்புகள் நான்கைந்து வந்திருக்கின்றன. "இதெல்லாம் இனி நம்ம சபைக்கும் சட்டம். தமிழ்ல எழுதி வையும் முதலியாரே" என்று எழுத்தர் ஜான் கட்டைக் கொடுத்தான்.

துரைகளுடைய உலாந்தா பாஷையில் இருப்பதைத் தமிழில் சொல்வது, தமிழில் அழுவதை உலாந்தா பாஷையில் சொல்வது. துபாசி வேலை இவ்வளவுதான்.

கார்த்திகை 10

மூன்றாவது தீர்ப்பு ஒரு மாலுமியைப் பற்றியது. நாகப்பட்டினத்துக்காரன். கப்பலேறிப் போனவன், கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பெண்சாதி அவனுடைய வீட்டை விற்கப் போனாள். மேல்சபை தடுத்துவிட்டது. 'கடலில் போய், மாண்டதைக் கண்ட சாட்சி இல்லாதவன், புறப்பட்ட நாள் முதல் ஏழு வருஷம் உயிரோடு இருப்பவனாகவே கொள்ளப்படுவான். அதுவரை அவன் உடைமை ரத்த உறவான ஆண் ஒருவன் பொறுப்பில் இருக்கும். ஏழு வருஷம் கழிந்தபின் மாண்டவனாகக் கொள்ளப்படுவான்.' காரணமும் எழுதியிருக்கிறார்கள். கப்பல் வேறு துறைமுகம் எதிலாவது ஒதுங்கியிருக்கலாம். ஆள் சிறைப்பட்டிருக்கலாம். திரும்பி வருகிறவனுக்கு வீடு இருக்க வேண்டும்.

என் மருமகன் ஏகாம்பரம் துணிக்கப்பலில் கணக்கனாக மலாக்காவுக்குப் போய், வருகிற தை மாதத்தோடு இரண்டு வருஷம். அந்தக் கப்பலைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. என் பெண் தெய்வநாயகி பொன்னேரியில் மாமியார் வீட்டிலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது.

வீட்டில் என் பெண்சாதி காந்தாவிடம் சொன்னேன். "ஏழு வருசம் உசுரோட இருக்கார்னு துரைங்களே எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. துரைகள் எழுதியது அது இல்லை என்று நான் திருத்தவில்லை.

கார்த்திகை 21

கூனங்குப்பத்திலிருந்து ஒரு வழக்கு. ஐப்பசிக் காற்றில் ரங்கன் என்கிற வலைக்காரன் ஏரியில் போனவன் வரவில்லை. படகு, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கு உள்பக்கம், மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. வலை அதிலேயே சுற்றியிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அண்ணன் பெருமாள் படகையும் தம்பியின் மீன்பிடிப் பாடு முறையையும் எடுத்துக்கொண்டான். ரங்கன் பெண்சாதி கஸ்தூரி அவை தனக்கு வேண்டும் என்கிறாள். அவளுடைய தம்பி தங்கவேல் படகை ஓட்டுவானாம். இரண்டு பெண் குழந்தைகள். ஊர்ப் பஞ்சாயத்து இரண்டாகப் பிரிந்துவிட்டதால் கோட்டைக்கு வந்திருக்கிறார்கள்.

மார்கழி 3

பாடு என்றால் என்ன என்று தலைமைத் துரை கேட்டார். ஏரியில் மீன் நிறைந்த இடங்கள் சில உண்டு, இன்றைக்கு இன்ன இடத்தில் இன்ன வீட்டார் வலை கட்டலாம் என்று குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், அந்த முறைதான் பாடு, பாடு இல்லாத வீட்டுக்கு ஏரி இருந்தும் இல்லை என்றேன். கடைசி வாக்கியம் தேவையில்லாதது. யாரும் சொல்லாததை மொழிபெயர்த்திருக்கிறேன். கவனம் வேண்டும்.

பெருமாள் நிதானமானவன். "படகை நான் எனக்குன்னு கேக்கலீங்க. எந்தம்பி வந்தா குடுத்துடுவேன். செத்துட்டான்னு நான் எப்பிடிங்க சொல்லுவேன், கூடப் பொறந்தவன்" என்றான்.

ஜான் மாலுமித் தீர்ப்பை எடுத்துத் துரை முன் வைத்தான். நான் தமிழில் வாசித்தேன். கஸ்தூரி முழுவதையும் கேட்டுவிட்டு, துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அய்யா, ஏரி இன்னா கடலா? கடல்ல போனவன் எந்தக் கரையிலயாவது ஏறுவான். ஏரில போனவன் எங்க ஏறுவான்? சுத்தி இருக்கிறதெல்லாம் எங்க ஆளுங்கதானே!"

பெருமாள் சொன்னான்: "அன்னைக்கு முகம் தொறந்து கெடந்துது. முகம் தொறந்தா ஏரியும் கடலும் ஒண்ணுதான்."

இரண்டையும் சொன்னேன். இந்த முறை எதையும் சேர்க்கவில்லை.

மார்கழி 4

தீர்ப்பு. தலைமைத் துரைக்கு அதிக நேரம் ஆகவில்லை. நீரில் போனவன், சாட்சி இல்லை, உடம்பு இல்லை. மேல்சபை இதற்கு வழி சொல்லிவிட்டது. ஏழு வருஷம் ரங்கன் உயிரோடு இருக்கிறான். படகும் பாடும் பெருமாள் பொறுப்பில்.

பிஸ்கால் மட்டும் ஒப்பவில்லை. காய்ச்சல் முழுக்கத் தெளியாத குரலில், "மேல்சபை என்ன செய்தது என்பதைப் பார்க்கிறோம், எதற்காகச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?" என்றார். தலைமைத் துரை, "எதற்காக என்று அளந்து பார்ப்பது மேலே இருப்பவர்கள் வேலை. கீழே இருப்பவன் அளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு சட்டம் ஆகிவிடும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நேற்று நாகப்பட்டினத்தில் ஒன்று, இன்று இங்கே வேறொன்று என்றால் சனங்கள் எதை நம்புவார்கள்?

கஸ்தூரி தீர்ப்பைக் கேட்டதும் அழவில்லை. "உசுரோட இருக்காருன்னா சோறு போடச் சொல்லுங்க" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. துரையும் கேட்கவில்லை.

மார்கழி 19

ஒன்றும் விசேஷம் இல்லை. கிழங்கு விலை ஏறியிருக்கிறது என்று காந்தா சொன்னாள்.

தை 6

கஸ்தூரியும் தங்கவேலும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மேல்முறையீட்டு மனு எழுதித் தரவேண்டுமாம். சபைத் துபாசி எழுதலாமா என்று நேற்றே பிஸ்காலிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதலாம், சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்றாராம்.

அவளை வாசலில் உட்காரச் சொன்னேன். கைவிரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. இப்போது இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாளாம். வலைக்காரர் வீட்டுப் பெண்கள் செய்யாத வேலை. குப்பத்தில் கேலி பேசுகிறார்கள் என்று தங்கவேல்தான் சொன்னான்.

அவள் இரண்டு சேதி சொன்னாள். முதலாவது, ஏரி கடல் இல்லை. இரண்டாவது: "ஏழு வருசம்னு யாரு எண்ணினது? பொம்பளைங்க கிட்ட கேட்டு எண்ணினாங்களா? எந்தப் பொம்பளைக்குமே இது வேணாம்னு எழுதுங்க அய்யா. கடலுக்கும் வேணாம்."

நாளை வரச் சொல்லி அனுப்பினேன்.

தை 6 — மறுபடியும்

காந்தா உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இன்னாங்க, அவளுக்கு எழுதப் போயி நம்ம பொண்ணு தலையில கை வெக்காதீங்க. துரைங்க ஏழு வருசத்தை எடுத்துட்டா பொன்னேரிக்காரங்க நாளைக்கே வந்து நிப்பாங்க. வெள்ளைச் சீலையோட வந்து நிப்பாங்க."

உண்மைதான். ஏகாம்பரத்தின் தம்பி தேசப்பன் நிலத்தின்மேல் கண்ணாக இருக்கிறான். ஏகாம்பரம் மாண்டவன் என்று எவனாவது சொல்லமாட்டானா என்று காத்திருக்கிறான். இந்த ஏழு வருஷம்தான் என் பெண் நெற்றியில் குங்குமத்தை வைத்திருக்கிறது. அதே ஏழு வருஷம்தான் அந்தப் பெண்ணைச் சேற்றில் இறக்கியிருக்கிறது. ஒரே வாக்கியம். நானே மொழிபெயர்த்த வாக்கியம்.

முதல் சேதியை மட்டும் எழுதினால் என்ன? அவளுக்கு உலாந்தா பாஷை தெரியாது. அவள் வழக்குக்கு அது போதும். இரண்டாவதை விட்டால் யாருக்கு நஷ்டம்?

தெரியும், யாருக்கு என்று.

தை 7

இரண்டையும் எழுதினேன். அவள் சொன்ன வரிசையில், அவள் சொன்ன அளவுக்கு. தமிழில் திரும்ப வாசித்துக் காட்டினேன். "சரியா எழுதிக்கீதாடா?" என்று தங்கவேலைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். விரலில் மை தடவி அடையாளம் வைத்தாள்.

காந்தா என்னோடு பேசவில்லை.

மாசி 11

தோணி நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. மனு அதில்.

விரோதிகிருது வருஷம், சித்திரை 1

புது வருஷம். தெய்வநாயகி வேப்பம்பூப் பச்சடி வைத்தாள். வெல்லம் கூடுதல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வைகாசி 20

பதில் இல்லை. குப்பத்தில் அம்மை. கஸ்தூரியின் சின்னப் பெண்ணுக்கும் கண்டு இறங்கிவிட்டதாக ஜான் சொன்னான். இவன் எப்போது விசாரித்தான்?

ஆடி 2

வந்துவிட்டது.

சபையில் உரக்க வாசிக்கச் சொன்னார்கள். முதலில் உலாந்தா பாஷையில் ஜான், பிறகு நான். மேல்சபை எழுதியிருப்பதன் சாரம்: 'எங்கள் முந்தைய தீர்ப்பை மதித்தது கீழ்ச்சபையின் கடமை. ஆனால் கீழ்ச்சபை அதன் சொல்லைப் பிடித்துக்கொண்டு காரணத்தை நழுவவிட்டது. வேறு கரையில் ஒதுங்கியிருக்கலாம் என்பதே நாங்கள் ஏழு வருஷம் வைத்ததற்குக் காரணம். ஒதுங்க வேறு கரை இல்லாத இடத்தில் அந்த விதிக்கு வேலை இல்லை. அந்த ஏரி எப்படிப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். விசாரித்து மறுபடி தீர்ப்புச் சொல்லவும்.'

தலைமைத் துரையின் காது சிவந்தது. எழுத்து வடிவில் திட்டு வாங்குவது யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் "சரி, அப்படியே ஆகட்டும்" என்றார். அந்த மனிதரிடம் இது ஒன்று நல்லது. மேலே இருந்து வந்தது தனக்குச் சாதகமா பாதகமா என்று பார்ப்பதில்லை.

கஸ்தூரியின் இரண்டாவது சேதிக்கும் கடைசியில் நான்கு வரி இருந்தது. 'கடலில் போனவரைப் பொறுத்தவரை ஏழு வருஷ விதி நிற்கும். அதைக் குறைக்கவோ நீட்டவோ எந்தக் கீழ்ச்சபைக்கும் அதிகாரம் இல்லை.'

வீட்டுக்கு வந்து காந்தாவிடம் சொன்னேன். எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். (எட்டு இல்லை, ஆறு. கோபத்தில் கணக்கு நீளுகிறது.)

ஆடி 9

மறு விசாரணை. பெருமாள் பழையபடி முகத்துவாரத்தைச் சொன்னான். பிஸ்கால் அவனை அருகில் வரச் சொல்லி, என் மூலமாகக் கேட்டார்.

"உன் தம்பி அலையோடு வெளியே கடலுக்குப் போனான் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கரை ஏறியிருப்பான்?"

"காட்டுப்பள்ளிப் பக்கம். இல்லன்னா வடக்கால, தெலுங்கு குப்பங்கள் பக்கம்."

"அங்கேயிருந்து வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு பொழுது. வடக்கயிருந்துன்னா ரெண்டு மூணு நாள்."

"ஒன்பது மாதமாக ஏன் வரவில்லை?"

பெருமாள் தோள்துண்டை இழுத்துச் சரிசெய்தான். நான் காத்திருந்தேன். காத்திருப்பதை மொழிபெயர்க்க முடியாது.

"வராம இருக்க மாட்டான்" என்றான் கடைசியில். "பொண்ணுங்கன்னா அவனுக்கு உசுரு. ஊர்ந்தாவது வந்திருப்பான்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். படகு போய்விட்டதே என்று அழுதானென்று எனக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பு அங்கேயே. ரங்கன் ஐப்பசி மாதத்தில் மாண்டவன். படகும் பாடும் கஸ்தூரிக்கும் குழந்தைகளுக்கும்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். "உன் பக்கம் தீர்ப்பாச்சும்மா" என்று ஜான் மெல்லச் சொன்னான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மார்கழியில் அழாத அழுகையை அழுதாள். தங்கவேல், "இன்னாக்கா, ஜெயிச்சிட்டோமே" என்றான்.

"அவரு செத்துட்டாருன்னு இன்னிக்குத்தானேடா சொல்றாங்க!"

தலைமைத் துரை என்னைப் பார்த்தார், அவள் என்ன சொல்கிறாள் என்று. சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஆடி 10

ஊரெல்லாம் இதே பேச்சு. தெய்வநாயகி காதிலும் விழுந்திருக்கிறது. கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நைனா, நம்மளுது கடல்தானே?"

"கடல்தான்."

"சரி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரிதாபி வருஷம், ஐப்பசி 17

சபையில் இன்று ஒரு தோணிக்காரன் வழக்கு. ஆரணியாற்று வெள்ளத்தில் போனவன். ஏரித் தீர்ப்பை எடுத்து வைத்தார்கள். அரை நாழிகையில் முடிந்துவிட்டது. கஸ்தூரியின் பேர் யாருக்கும் நினைவில்லை. 'ஏரித் தீர்ப்பு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனந்த வருஷம், தை 3

மலாக்காவிலிருந்து கப்பல் வந்தது. இறங்கியவர்களிடம் விசாரித்தேன். ஏகாம்பரம் போன கப்பலின் பேரைக் கேட்டதும் ஒரு கிழ மாலுமி உதட்டைப் பிதுக்கினான். அவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை. தெய்வநாயகி கேட்கவும் இல்லை. கப்பல் வந்தது தெருவுக்கே தெரியும்.

ராட்சச வருஷம், மார்கழி 28

ஏழு வருஷம் நிறைய இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காந்தா பூஜை அறையை விட்டு வெளியே வருவதில்லை. பிஸ்கால் துரை நாகப்பட்டினத்துக்கு மாறிப் போய்விட்டார். அவர் இருந்தாலும் என்ன செய்திருப்பார்? இதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? கப்பல், கடல், சாட்சி இல்லை. மாலுமியின் வழக்கும் என் மருமகன் வழக்கும் ஒரே வார்ப்பு.

தை 24

தேசப்பன் மனுப் போட்டுவிட்டான். ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. எதிரில் பார்த்தபோது, "மாமா, சட்டப்படிதான் போறேன். வருத்தம் வெச்சுக்காதீங்க" என்றான். வருத்தம் இல்லை என்றேன். சட்டப்படிதான் போகிறான்.

மாசி 2

இன்று விசாரணை. புதிய தலைமைத் துரை, சின்ன வயசு. ஜான் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் என்னிடம், "இது உம்முடைய குடும்ப வழக்காமே. வேறு துபாசியை வைத்துக்கொள்ளலாமா?" என்றார். வேறு துபாசி என்றால் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வர வேண்டும். எத்தனை நாள் தள்ளிப்போகும், அதுவரை வீட்டில் எத்தனை நாள் இப்படியே. நானே சொல்கிறேன் என்றேன்.

சாட்சி இல்லை. மறுப்பு இல்லை. மேல்சபைத் தீர்ப்பை வாசித்தார்கள். நான் எழுதிய தமிழ்தான். ஒரு இடத்தில் 'கழிந்தபின்' என்பதற்குப் பதில் 'நிறைந்தபின்' என்று எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் புத்திக்கு அதுதான் பட்டது.

'பொன்னேரி ஏகாம்பரம், அவர் நிலங்களைப் பொறுத்து, மாண்டவராகக் கொள்ளப்படுவார்.'

தமிழில் சொன்னேன். குரல் சரியாகத்தான் இருந்தது. கோட்டை வாசல் தாண்டி, வலை காய்கிற மணலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாசி 5

பொன்னேரியிலிருந்து பெண்கள் வந்தார்கள். தேசப்பனும் வந்தான். செய்ய வேண்டியதைத் தீர்ப்பிலிருந்து பத்தாம் நாளில் செய்துவிட வேண்டுமாம். மூட்டையில் என்ன இருந்தது என்று அவிழ்க்காமலே தெரிந்தது. காந்தா அவர்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

தெய்வநாயகி கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். அழவில்லை.

"நைனா, நீங்கதானே படிச்சீங்க? அவரு செத்துட்டாருன்னு எழுதியிருக்கா?"

"மாண்டவராகக் கொள்ளப்படுவார் என்று எழுதியிருக்கு. நிலங்களைப் பொறுத்து."

"மத்ததைப் பொறுத்து?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷம் மற்றவர்கள் சொன்னதைச் சொல்லியே வந்தவன் நான். என்னிடம் ஒருவரும் தீர்ப்புக் கேட்டதில்லை.

"மற்றது சபை முன்னால் வரவே இல்லை" என்றேன். "சபை முன்னால் வந்த கேள்வி நிலம் யாருக்கு என்பது. அதற்குத்தான் பதில். அதுக்கு மேல இந்தத் தீர்ப்பை யாரும் இழுக்கக் கூடாது. நிலத்தை எடுத்துக்கோ தேசப்பா. மூட்டையைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போ."

"ஊர் இன்னா சொல்லும் மாமா?"

"ஊர் சொல்றதை ஊர்ல போய்க் கேளு!"

கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு கிழவி, "பொண்ணு கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

தெய்வநாயகி சொன்னாள்: "எனக்கு என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு நானே கழட்டறேன். துரைக்காகவும் வேணாம், உங்களுக்காகவும் வேணாம்."

மூட்டை போய்விட்டது. சாப்பிடாமல் போனார்கள்.

மாசி 6

காலையில் தெய்வநாயகி தலைக்குக் குளித்து, குங்குமம் வைத்து, காந்தா கட்டித் தந்த பூவை வைத்துக்கொண்டாள். கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன் என்றாள் தெய்வநாயகி. தெரு முழுக்க வாசலில் நின்றது.

சபைக்கு இன்று வர முடியாது என்று ஜானுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.